மலைச்சுடர் தோற்ற ஏழு ஆட்டங்கள்

சிறைச்சாலை, கண்டிப் பக்கம்
12.01.2025

வடிவுக்கு,

தங்கராஜா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. உன் முழங்கால் வலி எப்படி, கம்சலாவுக்குச் சளி விட்டதா என்று முதலில் எழுது.

பதுளைச் சிறையில் இடமில்லை என்று எங்களில் பதினைந்து பேரை இங்கே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நீ வந்து பார்ப்பதென்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். வேலை கெடும். வராதே, கடிதம் போடு. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் தமிழ் தெரிந்த ஒரு ஐயா படித்துப் பார்த்துத்தான் விடுவார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

பயப்படாதே. அந்தக் கப் ஆட்டத்து அரையிறுதி முடிந்ததும் பூட்ஸைத் தூக்கி எறிந்தது நான்தான் என்று பொலிசில் ஒத்துக்கொண்டுவிட்டேன். அந்த டவுன் டீம் கோல்கீப்பர் பையன் ஷப்ராஸ் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடுமாம். இரண்டு வாரத்தில் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு உதவி செய். 26ஆம் திகதி லீக் தொடங்குகிறது. பன்னிரண்டு வருசமாக நம் மலைச்சுடர் டீம் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை. எனக்குப் பதிலாக நீ போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நில். சிரிப்பாய், தெரியும். நிமலன் எப்படி ஆடுகிறான் என்று மட்டும் பார்த்து எழுது. மே மாதக் கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய கிளப் ஆள் எடுக்கிறது, அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இதுவரை அப்படி ஒரு கடுதாசி வந்ததில்லை. அவன் மனசு கலங்கக் கூடாது.

கம்சலாவை அடிக்காதே.

தங்கராஜா


நெலுவாக்கந்தை தோட்டம், மேற்பிரிவு
ஹாலிஎல
28.01.2025

கம்சலா அப்பாவுக்கு,

வடிவம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். முழங்கால் மலை ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறது, நாள் பூராவும் மலைதான் ஏறுகிறேன். கம்சலாவுக்குச் சளி போய்விட்டது.

நீங்கள் சொன்ன புண்ணிய காரியத்துக்கும் போனேன். உங்களோடு பதினோரு வருசம் குடித்தனம் பண்ணியும் நான் மிதிக்காத பீல்ட். கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றால், "என்ன வடிவக்கா, அண்ணனுக்குப் பதிலா நீங்களா?" என்று ஒரு கூட்டமே சிரிக்கிறது. இதில் ஒருவன் கொடியைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான், எதற்கென்று கடைசி வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். உங்கள் நிமலன் காலுக்குப் பந்து நாலு தரம் வந்தது. நாலு தரமும் கம்பத்துக்கு வெளியே அடித்தான்.

இனி எழுதப் போவதை எழுத எனக்கு மனமில்லை. ஷப்ராஸுக்கு வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற விதுஷா வந்து சொன்னாள். அபராதத்தோடு போகிற கதை இல்லையாம் இது.

என்ன மனுசன் நீங்கள்? கோழி அறுக்கச் சொன்னால் பக்கத்து லயத்துக்காரனைக் கூப்பிடுகிற ஆள். ஒரு பந்தாட்டத்துக்காக ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கண்ணை எடுத்துவிட்டீர்களே. நீங்களே ஒத்துக்கொண்ட பிறகு நான் யாரிடம் போய் இல்லை என்று சொல்வேன்?

உங்கள் கிளப்பிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நிமலன் மட்டும் மாவும் சீனியும் கொண்டுவந்து வாசலில் வைத்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "அண்ணன் லெட்டர் போட்டாராக்கா?" என்று மட்டும் கேட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவம்மா


சிறைச்சாலை
09.02.2025

வடிவுக்கு,

உன் கடிதம் வந்தது. கம்சலா நலமாக இருக்கிறாள் என்று படித்ததும் சோறு கொஞ்சம் இறங்கியது. பிணை கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். இப்போது கோட்டுக்குக்கூடக் கூட்டிப் போவதில்லை, ஒரு அறையில் உட்காரவைத்து ஸ்கிரீனில் நீதவானைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பையன் கண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.

முதல் ஆட்டம் தோற்றதற்கு யாரும் நிமலனை ஏச வேண்டாம் என்று கஜேந்திரனிடம் சொல். கேப்டன் அவன்தான், அவன் அடக்கினால் ஆட்கள் அடங்குவார்கள். ஜெயிக்கிற வருசத்தில் பீல்டைச் சுற்றி நானூறு பேர் நின்றார்கள். எல்லோரும் எங்கள் டீம், எங்கள் டீம் என்றார்கள். தோற்கிற வருசத்தில் போய் நிற்கிறவன்தான் டீம் ஆள். பதினொரு பேருக்கும் சேர்த்து எட்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிய டீம் அது. இவன் கழற்றினால் அவன் போட்டுக்கொள்வான். நான் ஒரு சாக்கில் சுமந்து திரிந்து, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாடுகிற நேரத்தில் உட்கார்ந்து அடி தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆடத் தெரியாத எனக்கு அதுதான் ஆட்டம். நாலு தரம் வெளியே அடித்தான் என்பதற்காக விட்டுவிட முடியுமா?

நீ தொடர்ந்து போ. உன்னைப் பார்த்தால் அவனுக்கு என்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

முழங்காலுக்கு எண்ணெய் போடு.

தங்கராஜா


நெலுவாக்கந்தை
04.03.2025

கம்சலா அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். மழை இல்லை, கொழுந்தும் இல்லை, பாதி நாள் அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம்தான் தருகிறார்கள்.

நாலு ஆட்டம் முடிந்தது. நாலும் தோல்வி. நீங்கள் சொன்ன நானூறு பேரில் இப்போது நாற்பது பேர் வருகிறார்கள், அதிலும் பாதிப் பேர் ஏசுவதற்கென்றே வருகிறார்கள். "பெரிய கொழும்பு பிளேயரு, போய் கொழுந்து பறிடா" என்று நிமலனைப் பார்த்துக் கத்துகிறார்கள். கஜேந்திரன் அடக்கினாலும் யாரும் அடங்கவில்லை.

எனக்கு ஆட்டம் தெரியாது. அதனால் பந்தைப் பார்க்காமல் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தோடு ஓடி வரும்போது அந்தப் பிள்ளையை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோல்கீப்பர் முன்னால் வந்து கையை விரித்து முகத்தைக் காட்டினால் உடனே கால் நின்றுவிடுகிறது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ அடிக்கிறான். நாலு ஆட்டமும் அப்படித்தான். கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அவன் முகம் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் நிமலன் பேச்சு அரைப் பக்கம், கம்சலாவுக்கு ஒரு வரி. அவளைப் பள்ளிக்கூடத்தில் "கண்ணைப் புடுங்குனவன் மக" என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

வடிவம்மா


நெலுவாக்கந்தை
01.04.2025

கம்சலா அப்பாவுக்கு,

நான் எழுதி நாலு வாரமாகியும் பதில் கடிதம் இல்லை. தபால் கொண்டு வருகிற இப்றாஹீம் என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார். சுகமில்லையா, கோபமா? எதுவானாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

ஆறு ஆட்டமும் தோற்றாகிவிட்டது. ஏழாவது மே 4ஆம் திகதி, அதுவும் போனால் லீக்கின் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்களாம். டவுன் ஆட்களிடம் யாரோ காசு வாங்கிக்கொண்டு தோற்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. போன ஞாயிறு எல்லாப் பிளேயர்களையும் ஸ்டோருக்குப் பக்கத்து ரோதமுனிச் சாமி கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆள் ஆளுக்குச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். "என் கையால இந்த டீமுக்கு ஒரு கெடுதியும் வரலை" என்று சொல்லி அணைக்க வேண்டும். கஜேந்திரன் முதலில் அணைத்தான். பத்துப் பேர் அணைத்தார்கள்.

நிமலன் கடைசி. கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனான். "என் கையால" என்று தொடங்கினான், அதற்கு மேல் வாய் வரவில்லை. கை அப்படியே நின்றது. சூடம் தானாக எரிந்து முடியும் வரைக்கும் வைத்திருந்தான், அணைக்கவில்லை. உள்ளங்கை பொத்துவிட்டது. பிறகு ஒருத்தரோடும் பேசாமல் இறங்கிப் போய்விட்டான். "காசு வாங்கினவன் அவன்தான், சாமி காட்டிக் கொடுத்துடுச்சு" என்று ஆட்கள் சொல்கிறார்கள்.

அவன் காசு வாங்கவில்லை. அந்தக் கை எதற்குச் சத்தியம் பண்ணப் பயந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஏன் மாவும் சீனியும் வருகிறது, ஏன் வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்கிறான் என்பதும் விளங்கிவிட்டது. இதற்கு மேல் எழுத மாட்டேன். இதைப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

வடிவம்மா


சிறைச்சாலை
07.04.2025

வடிவு,

சுகமாக இருக்கிறேன். விளங்கியதை மறந்துவிடு. யாரிடமும் வாய் திறக்காதே, அவனிடமும் கேட்காதே.

எறிந்தது நான். பொலிசில் சொன்னேன், ஸ்கிரீனில் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன்.

இருபது வயதில் உள்ளே வருகிற பையன்கள் எப்படி வெளியே போகிறார்கள் என்று இங்கே தினமும் பார்க்கிறேன். எனக்கு நாற்பத்தொன்று. இருந்துவிட்டு வருவேன்.

கம்சலாவிடம், அப்பா செய்தது தப்பு, அதற்குத்தான் அப்பா இங்கே இருக்கிறார் என்று சொல். அது பொய்யில்லை.

தங்கராஜா


நெலுவாக்கந்தை
17.04.2025

கம்சலா அப்பாவுக்கு,

வருசப் பிறப்பு வந்து போனது. பலகாரம் சுடவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினீர்கள், நான் நம்பவில்லை.

யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது. அந்தப் பையன் நமக்குச் சொந்தமா, பந்தமா? அவன் கோல் அடித்தால் நம் வீட்டு அடுப்பு எரியுமா? ஒரு டீமுக்காகப் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த மனுசனை உலகத்தில் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? இதற்குப் பெயர் விசுவாசமா? எனக்கு வயிறு எரிகிறது.

லோயர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். மே 8ஆம் திகதி நீங்கள் குற்றவாளி என்று சொன்னால் இரண்டு வருசம் நிச்சயம், கூடவும் ஆகலாம் என்றார். இரண்டு வருசம் கம்சலா அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டுமா? எட்டாம் திகதிக்கு முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்வேன். ஐயா படித்தால் படிக்கட்டும், எனக்கு இனிப் பயமில்லை.

வடிவம்மா


சிறைச்சாலை
27.04.2025

வடிவு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சொல்லாதே. கொழும்புக் கிளப் ஆள் எடுப்பது மே 25. நீ ஒரு வார்த்தை பேசினால் அவன் வாழ்க்கை முடிந்தது.

எட்டாம் திகதி நான் ஒத்துக்கொள்ளப் போகிறேன், முடிவு பண்ணிவிட்டேன். நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. உனக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் நீ இப்படி எனக்காகச் சண்டை போடமாட்டாய்.

நாலாம் திகதி ஆட்டத்துக்குப் போ. தோற்றாலும் கடைசி வரைக்கும் நில்.

தங்கராஜா


நெலுவாக்கந்தை
05.05.2025

கம்சலா அப்பாவுக்கு,

இது எட்டாம் திகதிக்கு முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஹாலிஎலத் தபால் கந்தோருக்கே போய்ப் போடுகிறேன். லோயர் ஐயாவும் அங்கே ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார்.

நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் நிற்கச் சொன்னீர்கள், நின்றேன். கம்சலாவையும் கூட்டிப் போனேன். அவள் ஒரு நாளும் உங்கள் டீம் ஆடிப் பார்த்ததில்லையே.

ஆள் இல்லாமல் நிமலனையே இறக்கினார்கள். நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். முடிய ஐந்து நிமிசம் இருக்கும்போது பெனால்டி கிடைத்தது. பீல்டே நின்றுவிட்டது. கஜேந்திரன் பந்தை நிமலன் கையில் கொடுத்தான். அவன் புள்ளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். கோல்கீப்பருக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர். கம்சலா வலையைப் பிடித்துக்கொண்டு, "அடிங்கண்ணே" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

அவன் அப்படியே அவளைப் பார்த்தான். கோல்கீப்பரைப் பார்க்கவில்லை. ரெபரி விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார். நிமலன் பந்தைக் கையில் எடுத்துக் கஜேந்திரனிடம் கொடுத்தான். "ஷப்ராஸ் கண்ணு மேல பூட்ஸ வீசுனது நான்தான். தங்கராஜா அண்ணன் இல்ல" என்றான். நாற்பது பேருக்கும் கேட்டது. ஜேர்சியோடே ரோட்டுக்கு ஏறி, பஸ் பிடித்து, பொலிசுக்குப் போய்விட்டான். அந்தப் பெனால்டியை வேறு யாரோ அடித்தார்கள், கோல் விழவில்லை. உங்கள் டீம் கீழே இறங்கிவிட்டது.

அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சந்தோசப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழுது தீர்த்துவிட்டேன். கம்சலா பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பா எறியலை, எங்கப்பா நல்லவரு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எட்டாம் திகதி ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள்.

வடிவு


சிறைச்சாலை
18.05.2025

வடிவுக்கு,

உடம்பு சுகம். உன் கடிதம் ஏழாம் திகதி கிடைத்தது. எட்டாம் திகதி நான் ஒன்றும் சொல்லவில்லை, தள்ளிப் போட்டுவிட்டார்கள். அடுத்த தவணையில் விட்டுவிடுவார்கள் என்று லோயர் சொல்லி அனுப்பினார். பத்து நாளாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

டீமுக்காக உள்ளே வந்தேன் என்று நீ நினைக்கிறாய். நிமலனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் கொஞ்ச நாள் அப்படியே நினைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அந்த அரையிறுதியில் நிமலன் அடித்த பெனால்டியை ஷப்ராஸ் பிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் நிமலன் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு எறிகிற எண்ணமே இல்லை. நான் சாக்கை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அந்த ஓரத்தில் வேறு ஆள் இல்லை. ஷப்ராஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தான் என்று பொலிசில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான், அவ்வளவுதான். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருசம் அந்த டவுன் டீமிடம் தோற்றது எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. பூட்ஸை எடுத்து நிமலன் கையில் திணித்தவன் நான். "பொம்பள மாதிரி அழுவுறியே, அடிடா அவன" என்று கத்தியவன் நான். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் சின்னப் பிள்ளை, நான் சொன்னதைச் செய்தான். பூட்ஸ் பறந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. கோல் விழுந்த மாதிரி இருந்தது, வடிவு. பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் உள்ளே இருந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கண் போன பிறகு நான்தான் எறிந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அடி என்று சொன்னேன் என்பதைவிட அடித்தேன் என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது.

இதைப் படிக்கிற ஐயாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஐயா, இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சிறைப் பெரிய ஐயாவிடம் கொடுங்கள், கோட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பையன் தனியாகச் செய்யவில்லை.

தங்கராஜா


நெலுவாக்கந்தை
15.06.2025

கம்சலா அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, கோட்டுக்குப் போய் வந்த பிறகு எனக்கு நாலு நாள் பிடித்தது.

நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை நான் இன்னும் கையில் தொடவில்லை. கோட்டில்தான் கேட்டேன். கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் ஒரு வரியைத் தமிழில் படிக்கிறார், அதையே சிங்களத்தில் சொல்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டேன். உங்கள் சிறைப் பக்கத்து ஸ்கிரீன் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். அதனால் அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நிமலன் கூண்டில் நின்றான். உள்ளங்கையில் அந்தத் தழும்பு. முதலியார் கடிதத்தைப் படித்து முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டான். அவனையும் உங்களைப் போல மறியலில் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், கொழும்பு வாய்ப்புப் போனது போனதுதான். நீங்கள் கத்தியதை அவன் பொலிசில்கூடச் சொல்லவில்லையாம்.

ஷப்ராஸ் வந்திருந்தான். அவன் தாய் றஷீனா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நம் நிமலனைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தான். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார்.

"நான் அவங்களப் பார்க்கவே இல்ல. தண்ணி போத்தல எடுக்கக் குனிஞ்சேன். பின்னால யாரோ அடிடான்னு கத்துனாங்க. அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினேன். திரும்பாட்டி முதுகுல பட்டிருக்கும்."

இவ்வளவுதான் சொன்னான். ஏசவில்லை, அழவில்லை. றஷீனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நிற்பதா, தலையைக் குனிவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. உண்மையைச் சொன்னீர்கள் என்று ஒரு ஆறுதலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த தவணை ஜூலை 10. அன்றைக்கும் விடமாட்டார்கள் என்று லோயர் சொல்கிறார்.

கம்சலாவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா எறியவில்லை என்று ஆறு வாரமாகத் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அப்படியானால் அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று நேற்றுக் கேட்டாள். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

வடிவு